ஜாடியில் சார்ஜ் இருக்கிறது

பென்ஷன் வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகும் எங்கள் காலேஜ் பிசிக்ஸ் லேபின் இளம் டெமான்ஸ்ட்ரேட்டர்கள் என்னை விடுவதாக இல்லை. போன வாரம் இரண்டு பேர் பிரேசர் டவுனில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தண்டு என்கிற பட்டாளப் பேட்டைப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் ராக்கெட்டில் ஆகாயத்துக்குப் போகிற இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். இரண்டு மூஞ்சிகளும் நிலவேம்புக் கஷாயம் குடித்த மாதிரி இருந்தன.

"என்ன சூசையண்ணே இது அக்கிரமம்! காத்தே இல்லாத எடத்துல ராக்கெட்டு போவுது. ஆனா புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் கேக்குது. காத்து இல்லாம சத்தம் எங்கருந்து வரும்?"

"படம் எப்படி இருந்திச்சு?" என்றேன்.

"அதான் சொல்றமே, அந்தச் சத்தம்..."

"அது கெடக்கட்டும். நல்லா இருந்திச்சா, இல்லியா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் இருந்ததாம். நாளைக்கு மறுபடி போகப்போகிறார்களாம்.

காற்றில்லாத இடத்தில் சத்தம் கேட்காது என்பதை எனக்குச் சொல்ல இவர்கள் பஸ் ஏறி வரவேண்டியதில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் மின்சார மணியை வைத்து, பம்பு அடித்துக் காற்றை உறிஞ்சி, மணி ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தும் சத்தம் காதுக்கு எட்டாமல் போவதை முப்பத்து நாலு வருஷம் மாணவர்களுக்குக் காட்டியவன் நான். விளக்கம் சொன்னது புரொபசர்கள். தோள்பட்டை கழலப் பம்பு அடித்தது நான். இதைச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்துவிட்டு, "அப்படின்னா நீங்க நடிச்ச சினிமாக் கதைய எழுதிக் குடுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். நான் நடிக்கவில்லை. அதைத் தெளிவுபடுத்துவதற்காகவே எழுதுகிறேன்.

லேபுக்கு நான் அட்டெண்டராகச் சேர்ந்தது பதினெட்டு வயதில். முதல் இரண்டு வருஷம் துடைத்தேன். மூன்றாம் வருஷம் துடைத்ததை எடுத்து வைத்தேன். நாலாம் வருஷம் ஒரு காலை, அலமாரியிலிருந்த லெய்டன் ஜாடி ஒன்றை அப்படியே வாரி எடுத்தேன். அது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கண்ணாடி ஜாடி. உள்ளேயும் வெளியேயும் ஈயத்தகடு ஒட்டியிருக்கும், தலையில் ஒரு பித்தளைக் குண்டு. முந்தின நாள் சோதனையின் மின்சாரம் அதற்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. எழுந்து பார்த்தபோது பெஞ்சுக்கு அந்தப் பக்கம் கிடந்தேன். இரண்டு நாள் வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நான் எங்கேயோ குடித்துவிட்டு விழுந்ததாக என் மனைவி பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு என்னைத் தூக்கி உட்கார வைத்தவர்தான் பார்த்தசாரதி. அப்போது சின்ன லெக்சரர், பிறகு பிசிக்ஸ் புரொபசர். மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்காகத் தாத்தா காலத்திலேயே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே இலையில் பரிமாறின மாதிரி வரும். ஒல்லியான ஆள், மூடின கோட்டு, சரிகைப் பேட்டாத் தலைப்பாகை. இடது கை எப்போதும் கோட்டுப் பையில் இருக்கும். மின்சாரம் இருக்கிற இடத்தில் ஒரு கையால்தான் வேலை செய்ய வேண்டும், இரண்டு கையும் பட்டால் நெஞ்சு வழியாகப் பாயும் என்பது அவர் விதி. பழகிப்போய், கல்யாண வீட்டிலும் ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டுதான் அட்சதை போடுவார்.

அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் "ஆதாரம்?" மழை வரும் சார் என்று நான் சொன்னால், "ஆதாரம்?" என்பார். ஜன்னலைக் காட்டுவேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆயித்து, வரும்" என்று ஒப்புக்கொள்வார். வீட்டில் ரசத்தில் உப்பு அதிகம் என்று அவர் சொல்லப்போய், அவர் மனைவி "ஆதாரம்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டதாக ஒரு வதந்தி காலேஜில் உண்டு. அதற்கு மட்டும் என்னிடம் ஆதாரம் கிடையாது.

நான் விழுந்த அன்றே அவர் போட்ட முறை, நான் ஓய்வு பெறும் வரை மாறவில்லை. சோதனை நாளில் காலை எட்டு மணிக்குக் கரி அடுப்பு மூட்டுவேன். எங்கள் பெரிய மெஷினில் இரண்டு கண்ணாடிச் சக்கரங்கள் எதிரும் புதிருமாகச் சுற்றும். காற்றில் ஈரம் இருந்தால் அது மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைபோல முறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே சக்கரத்தை அனலில் காட்டி, சூடேற்றிய மல்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு பித்தளைக் குண்டுகளுக்கு நடுவே மின்பொறி பாயும். பக்கத்திலிருக்கும் நாலு பெரிய ஜாடிகளும் நிரம்பும். சோதனை முடிந்ததும் யாரும் அசையக்கூடாது. நான் மட்டும் போவேன். ஓடக்கூடாது, நடந்து போக வேண்டும். இடது கை முதுகுக்குப் பின்னால். வலது கையில் கண்ணாடிப் பிடி போட்ட பித்தளைக் கவை. அதன் ஒரு நுனியை ஜாடியின் வெளித்தகட்டில் முதலில் வைத்து, மறு நுனியைத் தலைக்குண்டுக்குக் கொண்டுபோனால் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஜாடி காலி. அப்போது நான், "இப்போ தொடலாம்" என்று சொல்ல வேண்டும். நான் அதைச் சொல்லாமல் புரொபசரே கை நீட்டமாட்டார். காலேஜ் முழுவதிலும் எனக்கிருந்த அதிகாரம் அந்த ஒரு வாக்கியம்தான்.

சினிமாவுக்கு வருகிறேன். பேசும் படம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். மதராசிலிருந்து வந்த ஒரு கம்பெனி ஒக்கலிபுரத்துக்குப் பின்னால், ரயில்பாதை ஓரத்தில் பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றைப் பிடித்து ஸ்டூடியோ ஆக்கியிருந்தது. அதன் டைரக்டர் வரதன் எங்கள் புரொபசரைத் தேடி வந்தார். அதுவரை புராணப் படம் எடுத்தவர். இப்போது விஞ்ஞானப் படம் எடுக்கிறாராம். கதையைக் கேட்டேன். அசுரன் இருந்த இடத்தில் ஒரு விஞ்ஞானி. வரம் இருந்த இடத்தில் மின்சாரம். அஸ்திரம் இருந்த இடத்தில் ஆளைக் கொல்லும் கதிர். கடலுக்கு நடுவே முதலைகள் சூழ்ந்த தீவு, அதில் வாசலே இல்லாத குகை, அதற்குள் அந்த விஞ்ஞானி ராஜகுமாரியைச் சிறை வைத்திருக்கிறான். பாட்டுகள் மட்டும் பழையபடி. படத்தின் பெயர் ஐந்து தடவை மாறியது. ஐந்தும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆகவே சொல்லப்போவதில்லை.

குகைக்கு எங்கள் மெஷின் வேண்டுமாம். முடியாது என்பார் என்று நினைத்தேன். புரொபசர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஊருக்குள் ஜனங்களுக்காக அவர் தமிழிலும் கன்னடத்திலும் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்திக்கொண்டிருந்த காலம் அது. கடைசிச் சொற்பொழிவுக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். சினிமாவானால் ஆயிரக்கணக்கில் பார்ப்பார்களே என்று மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது.

"மெஷின் தரேன். என் பேரையும் போட்டுக்கோ. ஆனா படத்துல விஞ்ஞானத்துக்கு விரோதமா ஒரு பொய்கூட இருக்கப்படாது" என்றார்.

"உங்க பேர் இருக்கறச்சே பொய் வருமா சார்?" என்றார் வரதன். அந்த வாக்கியமே பொய் என்று எனக்கு அப்போதே பட்டது.

வெள்ளைக்காரரான பிரின்ஸிபால் துரை அனுமதி தரத் தயங்கினார். காலேஜுக்குக் கெட்ட பெயர் வந்தால்? எங்கள் ஆள் சும்மா இருந்திருக்கலாம். "ஒரே ஒரு பொய் இருந்தாலும் நான் புரொபசர் நாற்காலியை விட்டு இறங்கிவிடுகிறேன்" என்று துரை முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மெஷினோடு என்னை அனுப்பினார். தினமும் ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும். தேதி, காற்றின் ஈரம், எந்தக் கருவி எத்தனை மணி நேரம் ஓடியது, கடைசிக் கட்டத்தில் 'விஞ்ஞானத்திலிருந்து விலகல்'.

முதல் நாளே கட்டம் போதவில்லை. எங்கள் மெஷினின் மின்பொறி ஐந்து அங்குலம். லேபில் அதைப் பார்த்து பி.ஏ. மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள். வரதன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இவ்ளோதானா?" என்றார். காமிராவில் அது விழவே இல்லை. ஒருத்தர் உட்கார்ந்து பிலிமில் ஊசியால் கீறி மின்னலாக்கினார். அடுத்து சத்தம். உண்மையான மின்பொறி வேர்க்கடலை உடைத்த மாதிரிதான் சத்தம் போடும். சவுண்டு ஆள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பெரிய தகரத்தை ஆட்டி இடி இடித்தார். அந்த இடியும் ரயில் போகாத நேரம் பார்த்துத்தான் இடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கொல்லும் கதிர். ஒரு விளக்கின் ஒளியைக் குழாய் வழியாக விட்டு, அதை மாட்டு வண்டி வேகத்தில் நகர்த்தினார்கள். ஹீரோ குனிந்து தப்பித்தார்.

"சார், இது தப்பு. வெளிச்சம் ஒரு செகண்டுல உலகத்த ஏழு சுத்து சுத்திடும்" என்றேன்.

"அவ்ளோ வேகமா வந்தா ஹீரோ எப்படிய்யா குனிவான்?" என்றார் வரதன்.

விலகல் கட்டத்தில் அந்தக் கேள்வியையும் சேர்த்து எழுதிக்கொண்டேன்.

மூன்று நாள் விலகல்களையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். புரொபசர் அத்தனைக்கும் ஆதாரம் கேட்டு வரதனுக்கு மூன்று கடிதம் எழுதினார். வரதன் தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "யோவ் சூசை, இவர் சொல்றபடி எடுத்தா ஜனங்க எழுந்து போய்டுவாங்க. இவர் கேக்கறத விட்டா மெஷின் போய்டும். என்னைய நீயே வெட்டிப் போட்ருய்யா."

அன்று மாலை எடுத்தவரைக்கும் கிடங்குச் சுவரில் படத்தை ஓட்டிக் காட்டினார்கள். இருட்டு. கதிர் மெதுவாக வருகிறது. தகரம் இடிக்கிறது. ஹீரோவின் தலைமுடி ஓரம் புகைகிறது. அது புகையவில்லை, பின்னால் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றவனே நான்தான். ஆனால் என் கை மயிர் எல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. எனக்குத் தெரிந்த பிசிக்ஸ் என் கைக்குத் தெரியவில்லை. அன்றைய ரிப்போர்ட்டில் விலகல் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். மறுநாளும் 'இல்லை'. பதினேழு நாள் 'இல்லை' எழுதினேன். இருபது வருஷம் என்னை நம்பிய மனுஷனிடம் எழுதிய பொய்கள் அவை. மேலே இருந்த ஈரக் கணக்கு மட்டும் சுத்தம்.

கடைசி நாள், உச்சக் கட்டம். விஞ்ஞானி மெஷினை முடுக்குகிறான், ஹீரோ அடிபட்டு விழுகிறான், ராஜகுமாரி ஓடிவந்து அவன் மார்பில் விழுந்து அழ வேண்டும். ராஜகுமாரியாக நடித்தது தனகோடி என்ற பெண். நாடகத்திலிருந்து வந்தவள், அழ ஆரம்பித்தால் ஊரே அழும். பிலிம் தீர்ந்துபோய் ஒரே ஒரு சுருள்தான் மிச்சம், ஒரே தடவைதான் எடுக்க முடியும் என்று வரதன் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நல்ல வெயில் நாள், காற்று காய்ந்து கிடந்தது. மெஷின் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் ஓடி நாலு ஜாடியும் நிறைந்துவிட்டன. நான் காமிராவுக்குப் பின்னால் கவையோடு நின்றேன்.

தனகோடி ஓடி வந்தாள். மார்பில் விழுந்திருந்தால் சரி. அந்தப் பெண் உணர்ச்சி மேலிட்டு, மெஷினைப் பிடித்து உலுக்கி அதனிடமே நியாயம் கேட்கப்போகிறவள் மாதிரி இரண்டு கையையும் ஜாடிகளின் பக்கம் நீட்டினாள். இரண்டு கை! நாலு ஜாடி!

பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. ஓடாமல் நடந்து போனேன். காக்கிக் கோட்டு, தலைப்பாகை, மார்பில் காலேஜின் பித்தளை பில்லை. இடது கை முதுகுக்குப் பின்னால். "கொஞ்சம் இரும்மா" என்றேன். அவள் திகைத்து நின்றாள். கவையை வெளித்தகட்டில் வைத்தேன், குண்டில் வைத்தேன், பட், பட், பட், பட். "இப்போ தொடலாம்மா" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தேன். நாடகக்காரி அல்லவா, தனகோடி அரை நிமிஷம்கூட வீணாக்காமல் ஹீரோ மேல் விழுந்து ஓவென்று அழுதாள்.

காமிரா ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது. வரதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "கவலப்படாத, உன்ன வெட்டிடறேன்" என்றார். நானும் நம்பி மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை தண்டில் முதல் காட்சி. சோபா வரிசையில் புரொபசர், அவர் வீட்டம்மாள், பிரின்ஸிபால் துரை, இங்கிலீஷ் இலாகா புரொபசர். அவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால் நான். தரை டிக்கெட்டு முழுக்கக் கூட்டம். 'விஞ்ஞான விஷயங்களைச் சரிபார்த்தவர்' என்று பெரிய எழுத்தில் பெயர் வந்ததும் எங்கள் ஆள் பேட்டாவைச் சரிசெய்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் தலை நிமிரவில்லை. ஊசியால் கீறிய மின்னல் வந்தது. வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தை எடுத்தார், பென்சிலை எடுத்தார், இருட்டிலேயே ஓரத்தில் எதையோ எழுதினார். கதிர் வந்தது, எழுதினார். கம்பியே இல்லாமல் பல்பு எரிந்தது, எழுதினார். மின்சாரம் பாய்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு ராஜகுமாரி இரண்டு பாட்டு முழுசாகப் பாடினாள். அதற்கு இரண்டு பக்கம் எழுதினார். இங்கிலீஷ் புரொபசர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். துரை அசையவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு 'இல்லை'யும் திரையில் ஆள் உயரத்துக்கு நின்றது. ஒரு நல்ல மனுஷனின் நாற்காலியை நான் விறகாக்கிவிட்டேன் என்று புரிந்தது.

உச்சக் கட்டம் வந்தது. மெஷின் சுற்றியது, எங்கள் மெஷின். ஜாடிகள் தெரிந்தன, எங்கள் ஜாடிகள். தனகோடி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

சோபாவிலிருந்து புரொபசர் துள்ளி எழுந்தார். பாட்டுப் புத்தகம் ஒரு பக்கம், பென்சில் ஒரு பக்கம். பையிலிருந்த இடது கை வெளியே வந்துவிட்டது. அதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"முட்டபேடா! தொடாதேம்மா! ஜாடியில சார்ஜ் இருக்கு!"

தியேட்டர் முழுவதும் கேட்டது. தரை டிக்கெட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரியாக அந்த நேரம் திரையில் நான் நடந்து வந்தேன். படுபாவி வரதன் வெட்டவில்லை. "கொஞ்சம் இரும்மா." பட், பட், பட், பட். "இப்போ தொடலாம்மா." கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி விசில். துண்டுகள் பறந்தன. புரொபசர் நின்றபடியே ஒரு பெருமூச்சு விட்டார். பிறகுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து உட்கார்ந்தார். இங்கிலீஷ் புரொபசர் அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் ரிப்போர்ட் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மேஜைமேல் இரண்டு காகிதங்கள். ஒன்றில் பதினாலு தப்புகள், நம்பர் போட்டு. இன்னொன்று பிரின்ஸிபாலுக்கு ராஜினாமா.

"பதினேழு நாளும் நான்தான் சார் மறைச்சேன். என்னைய வேலைய விட்டுத் தூக்கிடுங்க. அத அனுப்பாதீங்க" என்றேன்.

"ஒன் ரிப்போர்ட்ட நம்பித்தான் பேரக் குடுத்தேன் சூசை." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். "எதுக்கு மறைச்சே?"

"பொய்யின்னு தெரிஞ்சும் மயிர் சிலிர்த்துடுச்சு சார். ஜனங்களுக்கும் சிலிர்க்கும்னு தோணிச்சு."

"ஆதாரம்?"

எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. "நீங்கதான் சார் ஆதாரம். நேத்து எழுந்து நின்னு கத்துனீங்களே" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போய்ட்டு வா" என்றார். திங்கட்கிழமை காலை அந்த ராஜினாமா துரையின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே காலை முதல் வகுப்பு. நான் மெஷினைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். கரும்பலகையில் கொட்டை எழுத்தில், 'தொடாதேம்மா, ஜாடியில் சார்ஜ் இருக்கிறது' என்று ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தான். அழிப்பதற்குள் புரொபசர் வந்துவிட்டார். முப்பது பையன்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் நின்று நிதானமாகப் படித்தார்.

"எழுதினவன் கையெழுத்து நன்னா இருக்கு. விஷயமும் சரி" என்றார்.

பிறகு பையன்கள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் படத்துல பதினாலு பொய் இருக்கு. பதினாலுக்கும் நான் வாயைத் தெறக்கலை. ஒரு நிஜமான ஜாடியைப் பார்த்ததும் கத்திட்டேன். அந்த ஒரு நிஜத்த வச்சிண்டு மத்த பதினாலையும் என்னை நம்ப வச்சுட்டா. இது எனக்கு அவமானந்தான். ஆனா பொய் சொல்லப்படாது, எனக்கு நன்னாவும் இருந்தது." நாற்காலியைத் தொட்டுக் காட்டினார். "எனக்குப் பின்னால இந்த நாற்காலில யார் வரப்போறாளோ தெரியாது. அதுக்குள்ள நீங்க எல்லாரும் அந்தப் படத்தப் பார்த்து, தப்பையெல்லாம் காரணத்தோட எழுதிண்டு வாங்கோ. பதினாலுக்குக் கொறைஞ்சா லேபுக்குள்ள விடமாட்டேன்."

படம் பார்ப்பதை வீட்டுப்பாடமாகக் கொடுத்த வேறு புரொபசரை நான் கேள்விப்பட்டதில்லை. முப்பது பேரும் போனார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முப்பது பட்டியலும் வந்தன. ஒருவன் பதினாறு, ஒருவன் இருபது. கதிரைப் பற்றி இரண்டு பேர் காரிடாரில் கட்டிப் புரண்டார்கள். துரை அத்தனையையும் வாங்கிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டனுப்பினார். பரீட்சை என்ற தடியில்லாமல் இந்தக் காலேஜில் ஒருவன்கூட இவ்வளவு பிசிக்ஸ் எழுதித் தாம் பார்த்ததில்லை என்று இங்கிலீஷில் சொல்லி, ராஜினாமாவைத் திருப்பி நீட்டினார்.

எங்கள் ஆள் வாங்கவில்லை. வாக்கு வாக்குதானாம். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இடைவேளையில் ஒரு ஸ்லைடு போட வேண்டும். 'இந்தப் படத்தில் விஞ்ஞானப் பிழைகள் பல உண்டு. கண்டுபிடியுங்கள்.' கீழே அவர் பெயர். பிழை உண்டு என்று நாமே சொல்லிவிட்டால் அது பொய் ஆகாது, கொடுத்த வாக்கும் தப்பாது என்றார். வரதனிடம் இதை நான் பயந்துகொண்டே சொன்னேன். அந்த ஆள் என்னைக் கட்டிக்கொண்டார். ஜனங்கள் பிழையைத் தேடி இரண்டாம் தடவையும் வந்தார்கள். ஜாடி இடம் வந்ததும் தியேட்டரே சேர்ந்து "இப்போ தொடலாம்மா" என்று கத்தியது. புரொபசர் ராஜினாமாவை வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, முப்பது பட்டியலையும் தம்முடையதையும் சேர்த்து ஒரே பட்டியலாக்கி, சுத்தமாக எழுதி, சரிபார்க்க என்னிடம் நீட்டினார். இருபத்து மூன்று தப்புகள். நான் இரண்டு தடவை படித்தேன். கொஞ்ச நாளாகவே எனக்குள் ஒன்று குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு விட்டுப்போச்சு சார்" என்றேன்.

"எது?"

"அது நடுக்கடல்ல ஒரு தீவு சார். சுத்தியும் மொதல. குகைக்கு வாசலே கெடையாது, ஹீரோவே பாறைய ஒடச்சிக்கிட்டுத்தான் உள்ள வர்றான். அங்க நான் எப்படி சார் வந்தேன்? காக்கிக் கோட்டும் காலேஜ் பில்லையும் போட்டுக்கிட்டு?"

அவர் முப்பது பட்டியலையும் மறுபடி எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு பையனும் எழுதவில்லை. தம்முடைய பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஓரமெல்லாம் தேடினார். அதிலும் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, என்னை முதல் தடவை பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார்ஜ் இருக்கற எடத்துல நீ இல்லாம வேற யாருப்பா இருப்பா?" என்றார். பிறகு இருபத்து மூன்றாம் நம்பருக்குக் கீழே கோடு போட்டு, பட்டியலை முடித்துவிட்டார்.